ஏவாள் நின்ற வாசல்

சென்ற ஆண்டு ஒரு மதிய வகுப்பு. இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவிகளுக்குப் பொதுத்தமிழ். கிறித்தவத் தமிழ் இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். தேம்பாவணி, 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"மேடம், ஆம்பளைங்களுக்கு ஒரு விலா எலும்பு கம்மின்னு எங்க சர்ச்சுல சொல்லியிருக்காங்க. லேபுல எலும்புக்கூட்ட எண்ணிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் பன்னெண்டு பன்னெண்டுதான் இருக்கு."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அப்ப நாங்க எதுலேர்ந்து வந்தோம்?"

எலும்பைப் பற்றிப் பதில் சொல்வது எளிதாக இருந்தது. 1543இல் வெசாலியஸ் என்ற உடற்கூற்று அறிஞர் இதே கணக்கை எண்ணி எழுதிவிட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் பன்னிரண்டு இணை விலா எலும்புகள் என்றேன். இரண்டாவது கேள்விக்கு மணி அடித்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

நான் பிறந்தது தர்மபுரி மாவட்டத்தில், மாதா கோயிலைச் சுற்றி வளர்ந்த ஒரு சிற்றூரில். எங்கள் வீடு ஊர்த் தெருவில் இருந்தது. கோயிலில் எங்களுக்கு வலப்பக்கம். இடப்பக்கம் யாருக்கு என்று யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லித்தராமலே தெரிந்தது.

என்னைப் பெற்ற பிறகு அம்மா நாற்பது நாள் கோயில் படி மிதிக்கவில்லை. நாற்பது முடிந்தும் ஆயா அவளை அனுப்பவில்லையாம். "பொட்டப் புள்ளதானே, என்னா அவசரம்? மெதுவாப் போவலாம்" என்றாளாம். பிறகு ஒரு ஞாயிறு, பூசைக்கு முன்பு, அம்மா கையில் மெழுகுதிரியோடு கோயில் வாசலில் நின்றாள். சாமியார் வெளியே வந்து செபம் சொல்லி, தம் கழுத்தில் தொங்கிய பட்டைத் துணியின் நுனியை அவள் கையில் கொடுத்து உள்ளே அழைத்துப் போனார். என் தம்பி பிறந்தபோதும் இதேதான் நடந்தது. ஆனால் அவனுக்கு நாற்பதாம் நாளே.

அந்தச் சடங்கைத் திருச்சபை 1969இலேயே மாற்றிவிட்டது. புதிய ஞானஸ்நான முறையில் தாய்க்கான ஆசீரைக் குழந்தையின் ஞானஸ்நானத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஏட்டில் மாறியது எங்கள் வாசலுக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. அது தீட்டுக் கழிப்பல்ல, நன்றி வழிபாடு என்றுதான் இறையியலாளர்கள் எப்போதும் சொல்லிவந்தார்கள். நன்றி சொல்லப் போகிறவள் ஏன் வாசலில் நிற்க வேண்டும் என்று அம்மா கேட்கவில்லை. ஆயாவுக்கோ லேவியர் ஆகமம் வாசிக்கத் தெரியாது. ஆண் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள், பெண் பிள்ளை பெற்றவளுக்கு எண்பது நாள் என்ற அதன் பன்னிரண்டாம் அதிகாரக் கணக்கு, வாசிக்காமலேயே அவளுக்குள் இருந்தது. மோசேயின் சட்டத்துக்கும் எங்கள் ஊர்த் தீட்டுக்கும் இடையில் சம்பந்தம் பேசி முடிக்க யாரும் தேவைப்படவில்லை.

மனிதத் தோற்றம் பற்றிய இறையியல் கேள்வி எங்களைப் போன்றவர்களுக்கு நூலகத்தில் தொடங்குவதில்லை. யார் வாசலில் நிற்கிறார்கள், யார் உள்ளே போகிறார்கள் என்பதில் தொடங்குகிறது.

சரி, நூல் என்ன சொல்கிறது? ஆதியாகமத்தில் படைப்புக் கதை ஒன்றல்ல, இரண்டு. முதல் அதிகாரத்தில் கடவுள் மனித இனத்தைத் தம் சாயலில், ஆணும் பெண்ணுமாக, ஒரே மூச்சில் படைக்கிறார். இரண்டாம் அதிகாரத்தில் மண்ணிலிருந்து ஒருவரை உருவாக்கி, பின்பு அவர் உடலின் ஒரு பகுதியிலிருந்து பெண்ணை உருவாக்குகிறார். இவை வேறு வேறு காலத்துக் கைகள் எழுதியவை என்பதை விவிலிய ஆய்வாளர்களில் பெரும்பான்மையோர் ஏற்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டது இரண்டாவது கதையைத்தான். திருமணப் பூசையில் தவறாமல் கேட்டிருக்கிறேன்.

தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்குச் சொற்கள்மீது ஒரு கண். எபிரேயத்தில் 'ஆதாம்' என்பது முதலில் ஓர் ஆணின் பெயரல்ல, மனிதர் என்ற பொதுச்சொல். 'ஆதமா' என்றால் நிலம். மண்ணிலிருந்து வந்ததால் மண்ணின் பெயர். பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ கோடையில் உழுத செம்மண் காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லுறவை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'மனுஷன்' என்று வந்தது. தமிழில் 'அன்' விகுதி வந்தால் ஆண்பால்; இலக்கணம் அதற்குமேல் இடம் தராது. எபிரேயத்தில் பாதி திறந்திருந்த கதவைத் தமிழ் விகுதி ஒன்று சாத்திவிட்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் முதல் அதிகாரத்தில் அது 'மானிடர்' ஆனது. அந்த 'அர்' விகுதிக்குள் நுழையப் பெண்கள் எவ்வளவு காலம் காத்திருந்தோம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அமெரிக்க விவிலிய அறிஞர் ஃபில்லிஸ் டிரிபிள் 1970களில் இந்த இரண்டாவது கதையை எபிரேயத்தில் மறுபடி வாசித்தார். முதலில் உருவானது ஆண் அல்ல, பால் பிரியாத ஒரு மண் உயிர். பெண் உருவாகும் அந்தக் கணத்தில்தான் ஆணும் ஆண் ஆகிறான் என்பது அவர் வாசிப்பு. எல்லா அறிஞர்களும் இதை ஏற்பதில்லை. ஆனால் 'விலா எலும்பு' என்று நாம் படிக்கும் எபிரேயச் சொல், விவிலியத்தின் மற்ற இடங்களில் பெரும்பாலும் ஆலயத்தின், பேழையின் பக்கத்தையே குறிக்கிறது. ஒரு துண்டு எலும்புக்கும் ஒரு முழுப் பக்கத்துக்கும் எவ்வளவு தூரம்!

இன்னொரு சொல் 'துணை'. பெண் ஆணுக்குத் துணையாகப் படைக்கப்பட்டாள், ஆகவே அவள் அடுத்த படி என்று பிரசங்கம் போகும். மூலத்திலுள்ள எபிரேயச் சொல் விவிலியத்தில் மிகப் பல இடங்களில் கடவுளையே குறிக்கிறது. இக்கட்டில் வந்து காப்பவர் என்ற பொருளில். இதை நம்பக் கிரேக்கமும் எபிரேயமும் வேண்டாம். சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில் தொப்பூர் அருகே ஐந்து நிமிடம் நின்றால் போதும். லாரிகளின் நெற்றியில் 'முனியப்பன் துணை', 'அம்மன் துணை', 'மாதா துணை' என்று எழுதியிருக்கும். முனியப்பனை டிரைவருக்கு அடுத்த படி என்று எவராவது சொல்வாரா? அதே சொல் மனைவிக்கு வரும்போது மட்டும் அதன் உயரம் குறைந்துவிடுகிறது.

பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினொன்றாம் அதிகாரமும் இப்படித்தான். பெண் ஆணிலிருந்து வந்தவள், ஆகவே செபிக்கும்போது தலையை மூட வேண்டும் என்கிறார். சில வசனங்கள் கழித்து, ஆணும் பெண் வழியாகவே பிறக்கிறான், எல்லாம் கடவுளிடமிருந்தே வருகின்றன என்று தாமே சமன்செய்கிறார். முதல் பாதி முக்காடாக எங்கள் தலைக்கு வந்தது. 1917இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதை விதியாகவே எழுதியது. 1983இன் தொகுப்பு விட்டுவிட்டது. இரண்டாம் பாதியை ஒரு பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

இதுவரை சொன்னது பெண்ணாக நான் தேடிக் கண்டது. இனிச் சொல்லப்போவது நான் தவறவிட்டது.

முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது 1704ஆம் ஆண்டின் ஓர் ஆணையைப் பற்றி முதன்முறை வாசித்தேன். அதன் பின்னணி இது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, காவியும் பூணூலும் அணிந்து, சாதி என்பது சமூக வழக்கம்தான், மதமல்ல, கிறித்தவராகிறவர் அதை விட வேண்டியதில்லை என்று வாதிட்டார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அந்த முறைக்கு இசைவளித்தார். அதே ஆண்டில் நோபிலி சேந்தமங்கலம், சேலம் வரை வந்தார். அடுத்த தலைமுறைகளில் மதுரை, மைசூர், கர்நாடக மறைத்தளங்கள் எல்லாம் இந்த முறையிலேயே நடந்தன. மைசூர் அரசர்களின் கைக்கு வந்த பாராமகாலும், அதாவது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியும், அந்த வரைபடத்துக்குள் வந்தது.

எதிர்ப்பு எழுந்தது. வழக்கு ரோமுக்குப் போனது. 1703 நவம்பரில் பாப்பரசரின் தூதர் தெ தூர்நோன் புதுச்சேரியில் வந்து இறங்கினார். நோயாளி. ஏறக்குறைய எட்டு மாதம் தங்கியும் உள்நாட்டுக்குப் போகவில்லை. குருக்களை விசாரித்தார். 1704 ஜூனில் பதினாறு கூறுகள் கொண்ட ஆணையில் கையெழுத்திட்டார்; ஜூலையில் சீனாவுக்குக் கப்பலேறினார்.

அந்த ஆணையில் பெண்களைப் பற்றி நிறைய இருக்கிறது. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. சிறுமிகளுக்குத் திருமணம் செய்யக் கூடாது. பெண் பெரியவளானதை ஊரறியக் கொண்டாடக் கூடாது. மாதவிலக்கைக் காரணம் காட்டி ஒரு பெண்ணையும் கோயிலிலிருந்தோ பாவசங்கீர்த்தனத்திலிருந்தோ விலக்கக் கூடாது. இந்தக் கடைசிக் கூறைப் படித்தபோது குறிப்பேட்டில் இரண்டு கோடு போட்டேன். இதற்கும் 1100 ஆண்டுகள் முன்பு, பெரிய கிரகோரியார் பாப்பரசராக இருந்தபோது, பிள்ளை பெற்ற அந்த நாழிகையிலேயே ஒரு பெண் கோயிலுக்கு வந்து நன்றி சொன்னாலும் குற்றமில்லை என்று இங்கிலாந்துக்கு எழுதிய பதிலை, வரலாற்றாசிரியர் பேதா பதிந்து வைத்திருக்கிறார். ரோம் இரண்டு முறை சொன்ன பிறகும் என் அம்மா வாசலில் நின்றிருக்கிறாள் என்று கோபத்தோடு ஒரு கட்டுரை எழுதினேன். பாராட்டு கிடைத்தது.

பல ஆண்டுகள் கழித்து அதே குறிப்பேட்டைத் திறந்தபோதுதான் பார்த்தேன். அதே ஆணையில் இன்னொரு கூறு இருக்கிறது: நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்குக் குருக்கள் நேரில் சென்று திருவருட்சாதனங்கள் வழங்க வேண்டும். அதன் எதிரே நான் ஒரு கோடும் போடவில்லை.

ஏன் அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது? குருக்கள் அந்த வீடுகளுக்குள் போகவில்லை என்பதால். சாகக் கிடப்பவரைக் குடிசைக்கு வெளியே தூக்கிவரச் செய்து அங்கே வைத்து மந்திரித்தார்கள். உள்ளே போனால் மேல்சாதிக் கிறித்தவர்கள் தங்களை ஒதுக்கிவிடுவார்கள் என்பது குருக்கள் தரப்பு நியாயம். சாவின் வாசலில் இருப்பவர் தம் வீட்டு வாசலுக்கு வெளியே கிடத்தப்பட்டார். பிள்ளை பெற்றவள் கோயில் வாசலுக்கு வெளியே நின்றாள். ஒரே ஆணை, ஒரே தாள். பாதியை மட்டும் படித்து அதைப் பெண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன். ஊர்த் தெருவில் பிறந்தவளுக்கு அந்தப் பாதி மட்டும்தான் கண்ணில் பட்டது.

ஆணையை ஒட்டி நாற்பது ஆண்டு வழக்கு நடந்தது. ஞானஸ்நானத்தின்போது குரு தம் உமிழ்நீரைக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் தொடுவதா வேண்டாமா என்பது அதில் பெரிய சிக்கல். எச்சில் தீட்டு ஆயிற்றே. 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் வழக்கை முடித்துவைத்தார். பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குவது என்ற சமரசம் அதில் ஏற்கப்பட்டது. தனிக் குரு என்றால் தனி வரிசை, தனிக் கல்லறை. சாதி சமூக வழக்கம்தான் என்ற நோபிலியின் வாதம் இப்படிக் கோயிலுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. அந்த நாற்பது ஆண்டில் தாலியைப் பற்றியும் தூமையைப் பற்றியும் பெரிய பெரிய இறையியலாளர்கள் லத்தீனில் எழுதிக் குவித்தார்கள். தாலி கட்டியிருந்த ஒருத்தியையும் யாரும் கேட்கவில்லை. குடிசைக்கு வெளியே கிடத்தப்பட்டவரையும் கேட்கவில்லை.

1950க்கு வருவோம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 'ஹூமானி ஜெனரிஸ்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். மனித உடல் பரிணாமத்தால் வந்ததா என்று அறிவியலாளர்களும் இறையியலாளர்களும் ஆராயலாம். ஆனால் மனித இனம் பல ஆதாம்களிலிருந்து வந்தது என்ற கருத்தைக் கிறித்தவர் ஏற்க முடியாது என்றது அது. ஒரே ஆதாம். எல்லாரும் ஒரே வழி.

அதற்குச் சரியாக இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 10ஆம் தேதி, டெல்லியில் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளியானது. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது அது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். கிறித்தவத்தில் சாதி இல்லை என்பது டெல்லியின் நியாயம். ஒரே ஆதாம் என்பது ரோமின் நியாயம். இரண்டு நியாயங்களுக்கும் நடுவே, எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மண் சுவர் இருந்தது. இப்போது அது சிமெண்டுச் சுவர். 1992இல் 'கருக்கு' வெளிவந்தபோது, துறவு மடத்துக்குள்ளும் அந்தச் சுவர் இருப்பதை பாமா எழுதிக் காட்டினார். அதைப் பாடமாக நடத்திய நான், சொந்த ஊர்ச் சுவரைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

விலா எலும்பைக் கேட்ட மாணவி பருவ இறுதியில் கையெழுத்துக்காக என் அறைக்கு வந்தாள். வருகைப் பதிவேட்டில் உள்ள அவள் பெயரைச் சொல்லி அழைத்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். "சர்ச்சுல எனக்கு வேற பேரு மேடம்" என்று அதைச் சொன்னாள். அழகான பெயர். இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவள் சான்றிதழுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் ஆபத்து. ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர் ஒருத்தியின் மறுபிறப்பு என்கிறது திருச்சபை. அந்த மறுபிறப்பை வெளியில் சொன்னால் அரசு அவளுடைய முதல் பிறப்பை மறந்துவிடும். திருச்சபையில் உள்ளவர்களோ முதல் பிறப்பை ஒருநாளும் மறப்பதில்லை. நான் யார் என்ற கேள்வி தத்துவக் கேள்வி என்று எனக்குப் பாடம் நடத்தினார்கள். அவளுக்கு அது எந்தப் படிவத்தில் எந்தப் பெயர் என்ற கேள்வி.

"எதுலேர்ந்து வந்தோம்?" என்று கேட்டாளே, அதற்கு அறிவியலில் ஒரு பதில் உண்டு. 1987இல் ரெபெக்கா கேன் என்ற பெண்ணும் இரண்டு சக ஆய்வாளர்களும் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை ஒப்பிட்டார்கள். அது தாய்வழியாக மட்டுமே வருவது. இன்று வாழும் எல்லாருடைய தாய்வழியும் ஏறக்குறைய இரண்டு லட்சம் ஆண்டு முன்பு, பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணில் சென்று சேர்கிறது என்றார்கள். பத்திரிகைகள் அவளுக்கு ஏவாள் என்று பெயர் வைத்தன. அவள் முதல் பெண்ணும் அல்ல, அக்காலத்தின் ஒரே பெண்ணும் அல்ல. விவிலிய ஏவாளை அறிவியல் நிரூபித்துவிட்டது என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த மரபணுவை அவர்கள் எடுத்தது பெரும்பாலும் பிரசவத்தில் வெளிவந்த நஞ்சுக்கொடியிலிருந்து. எதைத் தொட்டால் தீட்டு என்று ஆயா கொல்லையில் ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் செய்தாளோ, அதில்தான் நாம் எல்லாரும் ஒரே வழி என்ற சாட்சி எழுதியிருந்தது.

இந்த மாவட்டத்தில் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிறந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்ற 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தர்மபுரிக்கும் வந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு இங்கே 826 பெண் குழந்தைகள். 2011இல் 913. முன்னேற்றம்தான். ஆனால் 826 என்ற ஆண்டில் பிறந்தவர்களில் தப்பியவர்கள் என் வகுப்புகளில் உட்கார்ந்து படித்துப் போனார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவர்களின் காலி இடங்களுக்கும் சேர்த்தே வருகைப் பதிவு எடுத்தேன். பெண்ணும் கடவுளின் சாயல் என்ற முதல் அதிகாரம் இந்த ஊரில் இறையியல் நுணுக்கம் அல்ல. பெண் பிள்ளைக்கு என்ன அவசரம் என்று வாசலில் சொல்லப்படும் ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது.

மாற்றம் இல்லாமல் இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் புஷ்பலலிதா என்ற பெண் பேராயரானார். கத்தோலிக்கத் திருச்சபை பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று 1994இல் உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு பீடத்தில் உதவச் சிறுமிகளை அனுமதித்தது. 2016இல் பெரிய வியாழன் அன்று பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்றானது. சென்ற தை மாதம் என் தம்பி மகள் பெண் குழந்தை பெற்றாள். பதினாறாம் நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குள் நடந்தாள். மெழுகுதிரி இல்லை, காத்திருப்பு இல்லை. அம்மா அவள் பின்னாலேயே போனாள். வாசலில் ஒரு நொடி கால் தயங்கி, பிறகு போனாள். எங்கள் பாதி ஆணை, முந்நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து, எங்கள் வீட்டில் நிறைவேறியது.

மறு பாதி கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறது. அன்று பூசை முடிந்து நானும் தம்பியும் ஆயாவின் கல்லறைக்குப் போனோம். சுவருக்கு அந்தப் பக்கமும் அதே செம்மண்தான். "இத எப்ப இடிக்கப் போறீங்க?" என்று கேட்டேன். பங்குப் பேரவையில் இருக்கிறான், அவன்தான் பதில் சொல்ல வேண்டும். "உனக்கென்னக்கா, நீ டவுன்ல இருக்க" என்றான்.

அது உண்மைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு இந்தக் கட்டுரையின் பிரதி ஒன்றை அவன் கையிலேயே கொடுத்தனுப்புவேன். மாணவிக்கும் ஒன்று, பதிவேட்டில் இல்லாத அந்தப் பெயர் எழுதிய உறையில்.